விளக்கும் புத்தகமும் கேட்டவர்கள்

(போர்ட் பிளேயரில் படிப்பும் நூலகமும் வளர்ந்த வரலாறு பற்றி, புதிதாகப் படிக்கக் கற்றவர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் நூலகம்.

நூலகம் என்றால் என்ன? நாலைந்து அலமாரி. அதில் அடுக்கிய புத்தகங்கள். நீளமான மேஜை. அதன் மேல் செய்தித்தாள்கள். ஓரமாக ஒரு நோட்டு. உள்ளே போகிறவர்கள் அதில் பெயர் எழுதுகிறார்கள். அவ்வளவுதானே என்று தோன்றும்.

இந்தச் சாதாரண விஷயத்துக்காக யாராவது உயிரைக் கொடுப்பார்களா?

கொடுத்திருக்கிறார்கள். இதே ஊரில்தான். அபர்தீன் பஜாரிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய இடத்தில் அது நடந்தது. அந்த வரலாற்றைத்தான் இப்போது கேட்கப் போகிறீர்கள்.

ஒரு சிறு விளக்கம். 2024 செப்டம்பரில் மத்திய அரசு இந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று புதுப் பெயர் வைத்தது. ஆனால் இந்த வரலாறு பழைய காலத்து வரலாறு. அதனால் போர்ட் பிளேயர் என்ற பழைய பெயரே இந்த உரையில் வருகிறது.

ஒரே ஆண்டு, இரண்டு கட்டடங்கள்

1857-இல் வட இந்தியாவில் வெள்ளையர் ஆட்சிக்கு எதிராகப் பெரும் கிளர்ச்சி நடந்தது. அதில் பிடிபட்டவர்களை எங்கே அடைப்பது? வெள்ளை அரசாங்கம் இந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தது. 1858 மார்ச்சில் 200 கைதிகளோடு முதல் கப்பல் வந்து சேர்ந்தது. காட்டை வெட்டியவர்கள் கைதிகள். பாதை போட்டவர்கள் கைதிகள். இந்த ஊர் அப்படித்தான் பிறந்தது. கடலைத் தாண்டிக் கொண்டுபோனால் திரும்பி வர முடியாது என்று மக்கள் பயந்தார்கள். காலாபானி என்று பெயர் வைத்தார்கள்.

1896-இல் இங்கே ஒரு பெரிய கட்டட வேலை தொடங்கியது. அதுதான் செல்லுலார் சிறை. பத்து ஆண்டுகள் கட்டி 1906-இல் முடித்தார்கள்.

அதே 1896-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் வேறொரு கட்டடம் திறக்கப்பட்டது. எழும்பூரில் இன்றும் இருக்கிறது. அதுதான் கன்னிமாரா பொது நூலகம்.

இரண்டையும் கட்டியது ஒரே வெள்ளை அரசாங்கம். நடுவில் இருந்தது வங்காள விரிகுடா. அந்தக் கரையில் புத்தகங்களைச் சேர்த்து வைக்க ஒரு மாளிகை. இந்தக் கரையில் மனிதர்களைப் பிரித்து வைக்க ஒரு கோட்டை.

பேச முடியாத சிறை

பிரித்து வைக்க என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. செல்லுலார் சிறையின் அமைப்பைப் பாருங்கள்.

நடுவில் ஒரு கோபுரம். அதிலிருந்து சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் போல ஏழு நீண்ட கட்டடங்கள் பிரிந்து போயின. மொத்தம் 698 அறைகள். ஓர் அறையில் ஒரே ஓர் ஆள். அறையின் நீளம் பதின்மூன்றரை அடி. அகலம் ஏழரை அடி. ஜன்னல் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். ஒரு கட்டடத்தின் முன்பக்கம் அடுத்த கட்டடத்தின் முதுகைப் பார்த்தபடி இருக்கும். அதனால் ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்க முடியாது. பேச்சுக் கொடுக்க முடியாது.

பகலில் கடும் வேலை. தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்க வேண்டும். மாட்டுக்குப் பதிலாகச் செக்கு இழுக்க வேண்டும். ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்ட வேண்டும். குறைந்தால் தண்டனை.

செக்கு என்றதும் தமிழர்களுக்கு ஒருவர் நினைவுக்கு வருவார். கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. அவருக்கும் 1908-இல் முதலில் விதித்தது தீவாந்தர தண்டனைதான். மேல்முறையீட்டில் அது குறைந்தது. அதனால் அவர் அந்தமானுக்கு வரவில்லை. கோவைச் சிறையில் செக்கு இழுத்தார். அந்த நிலையிலும் அவர் எழுத்தை விடவில்லை. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் நூலைத் தமிழில் மொழிபெயர்த்தார். உடம்பைச் செக்கில் பூட்டலாம். மனத்தைப் பூட்ட முடியாது என்பதற்கு அவரே சாட்சி.

கைமாறிய புத்தகங்கள்

1909 முதல் வங்காளத்திலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் விடுதலைப் போராட்டக்காரர்கள் இங்கே வரத் தொடங்கினார்கள். அவர்களில் பலர் படித்தவர்கள். வேலையின் கொடுமையோடு இன்னொரு கொடுமையும் அவர்களை வாட்டியது. படிக்க எதுவும் இல்லை. எழுதத் தாளும் இல்லை.

1911 ஜூலையில் கைதியாக வந்தவர் விநாயக தாமோதர் சாவர்க்கர். 1921 வரை இங்கே இருந்தார். பிறகு தம் சிறை அனுபவத்தை மராத்தி மொழியில் நூலாக எழுதினார். அந்த நாளில் சிறையில் புத்தகம் பட்ட பாட்டை அதில் படிக்கலாம். வீட்டிலிருந்து வரும் புத்தகத்தை அதிகாரிகள் பார்த்து, சரி என்றால்தான் தருவார்கள். ஒருவர் புத்தகத்தை மற்றவருக்குக் கொடுப்பது குற்றம். கொடுத்தால் தண்டனை உண்டு. தாள் கிடைக்காததால் கைதிகள் சுவரில் கீறி எழுதினார்கள். எழுதியதை மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். நூலகத்தில் நடக்கும் வேலையே புத்தகம் கைமாறுவதுதான். அதற்கே அங்கே தடை.

ஆனாலும் புத்தகம் கைமாறியது. வெகு நாள் கேட்டுக் கேட்டு, எல்லோருடைய புத்தகங்களையும் ஓரிடத்தில் சேர்த்து வைக்க வழி பிறந்தது. பல மொழிப் புத்தகங்கள் சேர்ந்தன. இப்படிச் சிறைக்குள் ஒரு சிறு நூலகம் உருவானது.

இன்னொன்றும் நடந்தது. சிறையில் இருந்த சாதாரணக் கைதிகளில் மிகப் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படித்த கைதிகள் அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. கைதிகள் கூடிப் பேச இது ஒரு சாக்கு என்று சந்தேகப்பட்டார்கள். இருந்தும் படிப்பு நடந்தது.

அன்பர்களே, நீங்கள் மாலை நேரத்தில் வேலை முடிந்து வந்து சிலேட்டைப் பிடித்தீர்களே, அதைப் போன்ற ஒரு வேலை இந்த ஊரில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே, சிறைச் சுவருக்குள் நடந்திருக்கிறது.

46 நாட்கள்

1921 அளவில் அரசியல் கைதிகளை இங்கே அனுப்புவது நின்றது. ஆனால் 1932-இல் மறுபடி தொடங்கியது. சிட்டகாங் ஆயுதக் கிடங்கைத் தாக்கியவர்கள் வந்தார்கள். லாகூர் சதி வழக்கில் தண்டனை பெற்ற பகத் சிங்கின் தோழர்கள் வந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள்.

சிறையில் நிலைமை மோசம். சாப்பாடு வாயில் வைக்க முடியாது. குளிக்கச் சோப்பு இல்லை. படுக்கச் சரியான படுக்கை இல்லை. பொழுது சாய்ந்தால் அறைக்குள் இருட்டு. படிக்கப் புத்தகம் இல்லை.

அவர்கள் கேட்டது என்ன? தின்னக்கூடிய சாப்பாடு வேண்டும். சோப்பு வேண்டும். படுக்கை வேண்டும். இரவில் விளக்கு வேண்டும். படிக்க அனுமதி வேண்டும். ஒருவரோடு ஒருவர் பழக அனுமதி வேண்டும்.

கேட்டுப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. 1933 மே 12-ஆம் தேதி உண்ணாவிரதம் தொடங்கினார்கள்.

அதிகாரிகள் போராட்டத்தை முறிக்கப் பார்த்தார்கள். கைதிகளைப் பிடித்து அமுக்கி, மூக்கு வழியே குழாய் விட்டுப் பாலை ஊற்றினார்கள். அப்படி ஊற்றிய பால் மகாவீர் சிங் என்ற இளைஞரின் நுரையீரலுக்குள் போய்விட்டது. மே 17-ஆம் தேதி அவர் இறந்தார். அவர் பகத் சிங்கின் தோழர். அடுத்த சில நாட்களில் மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா என்ற இரண்டு வங்காள இளைஞர்களும் உயிர் துறந்தார்கள்.

மூவரின் உடலும் வீட்டுக்குப் போகவில்லை. உடலில் கல்லைக் கட்டிக் கடலில் இறக்கிவிட்டார்கள்.

மற்றவர்கள் பயந்து நிறுத்தவில்லை. செய்தி இந்தியாவுக்குப் போனது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. 46 நாட்களுக்குப் பிறகு, ஜூன் 26-இல், அரசாங்கம் இறங்கி வந்தது. கோரிக்கைகளை ஏற்றது. விளக்கு வந்தது. புத்தகம் வந்தது.

இன்று சிறைக்கு எதிரே உள்ள பூங்காவில் இந்த மூவருக்கும் சிலைகள் இருக்கின்றன. இங்கே உயிர் விட்ட மற்ற தியாகிகளின் சிலைகளும் அருகில் இருக்கின்றன. அந்தப் பக்கம் போகும்போது சற்று நின்று, சிலைகளின் கீழே உள்ள பெயர்களைப் படியுங்கள். உங்களால் இப்போது படிக்க முடியும்.

சிறை பள்ளிக்கூடம் ஆனது

விளக்கும் புத்தகமும் வந்த பிறகு சிறை மாறிவிட்டது. நண்பர்களும் உறவினர்களும் அனுப்பிய புத்தகங்களைக் கைதிகள் பொதுவில் சேர்த்தார்கள். இது என்னுடையது, அது உன்னுடையது என்ற பேச்சு இல்லை. முறைவைத்துப் படித்தார்கள். வகுப்புகள் நடத்தினார்கள். வரலாறு, பொருளாதாரம், அரசியல், விஞ்ஞானம் எல்லாம் பாடமாயின. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொன்னார். கையாலேயே எழுதிப் பத்திரிகை நடத்தினார்கள். அங்கே இருந்த பலர் பிற்காலத்தில் அந்தச் சிறையை ஒரு பல்கலைக்கழகம் என்றே சொன்னார்கள்.

1937-இல் மறுபடி பெரிய உண்ணாவிரதம் நடந்தது. இந்த முறை கோரிக்கை, எங்களைத் தாய்நாட்டுக்கு அனுப்புங்கள் என்பது. காந்தியும் தாகூரும் உண்ணாவிரதத்தை முடிக்கச் சொல்லித் தந்தி கொடுத்தார்கள். 1938 ஜனவரிக்குள் அரசியல் கைதிகள் எல்லோரும் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார்கள். போனபோது அவர்களில் பலர் வந்ததை விட அதிகம் படித்தவர்களாகப் போனார்கள்.

அதே காலத்தில் மன்னார்குடியில்

இங்கே புத்தகத்துக்காகப் பட்டினி கிடந்த அதே காலத்தில் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? அங்கே மக்களைத் தேடிப் புத்தகம் போனது.

1931 அக்டோபரில் மன்னார்குடி பக்கம் மேலவாசல் என்ற ஊரில் ஒரு மாட்டுவண்டி புறப்பட்டது. வண்டி நிறையப் புத்தகங்கள். கிராமம் கிராமமாகப் போய்ப் புத்தகம் கொடுத்துவிட்டு வந்தது. அந்த வண்டியை அமைத்தவர் கனகசபைப் பிள்ளை. நடமாடும் நூலகம் என்று இன்று சொல்கிறோமே, அதற்கு அந்த மாட்டுவண்டி ஒரு முன்னோடி.

அதற்குத் தூண்டுகோலாக இருந்த நூலக இயக்கத்தின் பெரிய மனிதர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். அவர் முதலில் கணக்கு ஆசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். பிறகு வாழ்நாள் முழுவதையும் நூலகத்துக்கே கொடுத்தார். அவரும் மற்றவர்களும் பாடுபட்டதால் 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். ஊருக்கு நூலகம் நடத்துவது அரசாங்கத்தின் கடமை என்று ஆனது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. நூலகம் தர்மப் பிரபுக்கள் போடும் பிச்சை இல்லை. மக்கள் தாங்களே வரி கொடுத்து நடத்தும் சொத்து.

சிறைக்கு வெளியே

மறுபடி நம் தீவுக்கு வருவோம். சிறைக்கு வெளியேயும் படிப்பை வளர்த்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் டாக்டர் திவான் சிங். அரசாங்க டாக்டர். பஞ்சாபி மொழியில் நல்ல கவிஞர். போர்ட் பிளேயரில் அவர் முயற்சியால் ஒரு குருத்வாரா எழுந்தது. அங்கே வழிபாட்டோடு குழந்தைகளின் படிப்புக்கும் இடம் இருந்தது.

1942 மார்ச்சில் ஜப்பானியப் படை இந்தத் தீவைப் பிடித்தது. படித்தவர்கள் மேல் அவர்களுக்குச் சந்தேகம். உளவாளி என்று பட்டம் கட்டிப் பலரைச் சிறையில் போட்டார்கள். டாக்டர் திவான் சிங்கையும் செல்லுலார் சிறையில் அடைத்துச் சித்திரவதை செய்தார்கள். 1944 ஜனவரி 14-இல் அவர் இறந்தார். ஆட்சி எதுவானாலும், மக்களை அடக்க நினைப்பவர்களுக்குப் படித்தவர்களைக் கண்டால் ஆகாது. வெள்ளையர் காலத்திலும் பார்த்தோம். ஜப்பானியர் காலத்திலும் பார்த்தோம்.

1945-இல் போர் முடிந்தது. கைதிகளின் குடியிருப்பு என்ற முறையும் ஒழிந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் வந்தார்கள். தமிழ்நாடு, ஆந்திரா, கேரளம், ராஞ்சி என்று பல பக்கத்திலிருந்தும் மக்கள் வேலை தேடி வந்தார்கள். கைதிகளின் ஊர் குடும்பங்களின் ஊர் ஆயிற்று. பள்ளிக்கூடங்கள் வந்தன. பொது நூலகமும் வந்தது. இன்று நகரில் மாநில நூலகம் இருக்கிறது.

செல்லுலார் சிறையின் ஏழு கட்டடங்களில் இப்போது மூன்றுதான் மிச்சம். சிறை வளாகத்தில் 1963-இல் ஆஸ்பத்திரி வந்தது. இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும் என்று முன்னாள் கைதிகள் கேட்டார்கள். 1979 பிப்ரவரி 11-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக நாட்டுக்கு அர்ப்பணித்தார். அந்த நினைவுச் சின்னத்துக்குள் விடுதலைப் போராட்டம் பற்றிய ஒரு நூலகம் உண்டு. புத்தகம் கொடுப்பது குற்றமாக இருந்த இடத்தில் இன்று நூலகம் இருக்கிறது.

ஐந்து விதிகள்

ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் சொன்னார். உலகம் முழுவதும் நூலகர்கள் இன்றும் அவற்றைப் படிக்கிறார்கள். சுருக்கமாகப் பார்க்கலாம்.

முதல் விதி: புத்தகம் பயன்படுத்துவதற்கு. பூட்டி வைத்துப் பார்ப்பதற்கு அல்ல. சமையலறைப் பாத்திரம் போல அது தினமும் புழங்க வேண்டும்.

இரண்டாவது: ஒவ்வொருவருக்கும் அவருக்கு வேண்டிய புத்தகம் கிடைக்க வேண்டும். காலேஜ் மாணவருக்குக் கிடைப்பது போல ஜங்லிகாட்டில் மீன் விற்கும் அக்காவுக்கும் கிடைக்க வேண்டும். பெரிய எழுத்தில், எளிய தமிழில் அவர் கேட்கும் புத்தகம் அங்கே இருக்க வேண்டும்.

மூன்றாவது: ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் வேண்டும். யாரும் எடுக்காத புத்தகம் கரையான் தின்னும்.

நான்காவது: வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது. வேலைக்குப் போகிறவர் வந்தால் தேடியது சட்டென்று கைக்கு வர வேண்டும்.

ஐந்தாவது: நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும். தென்னங்கன்று போல அது வளர வேண்டும். தண்ணீர் ஊற்ற வேண்டியவர்கள் வாசகர்கள்.

இனி செய்ய வேண்டியது

1991-இல் இந்தத் தீவுகளில் எழுத்தறிவு பெற்றவர்கள் நூற்றுக்கு 73 பேர். 2011 கணக்கெடுப்பில் அது 86 பேருக்கு மேல் ஆயிற்று. நல்ல முன்னேற்றம். ஆனாலும் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்கு அப்போதும் எழுத்துத் தெரியவில்லை.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கற்ற எழுத்து மறந்து போவது. நீந்தக் கற்றவர் நீச்சலை மறப்பதில்லை என்பார்கள். எழுத்து அப்படி இல்லை. புதிதாகக் கற்றவர் ஆறு மாதம் படிக்காமல் இருந்தால் எழுத்துகள் மங்கிவிடும். மருந்துச் சீட்டைப் பார்த்தால் பழையபடி பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருக்கும். கப்பல் டிக்கெட்டில் தேதியைப் பார்க்க ஜெட்டியில் யாரிடமாவது கெஞ்ச வேண்டியிருக்கும். கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைக்க வேண்டியிருக்கும். பட்ட பாடு வீணாகிவிடும்.

இதற்கு மருந்து நூலகம்தான்.

சிலருக்குக் கூச்சம். அங்கே படித்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், நாம் எழுத்துக் கூட்டிப் படித்தால் சிரிப்பார்களே என்று தயங்குகிறார்கள். கூச்சம் வேண்டாம். முதல் நாள் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து போங்கள். செய்தித்தாளில் தலைப்பை மட்டும் படியுங்கள். மறுநாள் இரண்டு வரி. அடுத்த வாரம் ஒரு கதை. நூலகரிடம், ஐயா, பெரிய எழுத்துப் புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள். உறுப்பினர் ஆக என்ன வேண்டும் என்று கேளுங்கள். தமிழ்ப் புத்தகம் போதவில்லை என்றால் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு மனு எழுதுங்கள். மனு எழுத இப்போது உங்களுக்குத் தெரியும். கைநாட்டு இல்லாமல் கையெழுத்தாகவே போடலாம்.

உங்கள் தெருவுக்கு நூலகம் தூரமா? வீட்டில் கிடக்கும் பழைய புத்தகங்களைச் சேர்த்து ஒரு பெட்டியில் வையுங்கள். யார் எடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சிறையில் இருந்தவர்கள் அப்படித்தான் தொடங்கினார்கள். மன்னார்குடியில் ஒரு மாட்டுவண்டியில் தொடங்கினார்கள். உங்களுக்கு ஒரு பெட்டி போதும்.

சிறை மனிதர்களைத் தனித்தனி அறையில் அடைத்தது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் செய்தது. நூலகம் அதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது. ஒரே மேஜையில் வங்காளியும் தமிழரும் தெலுங்கரும் மலையாளியும் உட்கார்ந்து படிக்கலாம். ஒருவர் படித்த புத்தகம் அடுத்தவர் கைக்குப் போகும்.

மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா. இவர்கள் விளக்கும் புத்தகமும் கேட்டு உயிரை விட்டார்கள். உங்களிடம் யாரும் உயிரைக் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு மாலைப் பொழுதைத்தான் கேட்கிறோம்.

வரும் வாரம் நூலகத்தில் உங்கள் பெயரைப் பதிவு செய்யுங்கள். நோட்டில் உங்கள் கையெழுத்து இருக்கட்டும்.



கலந்து பேசுங்கள்

1. 1933-இல் கைதிகள் என்னென்ன கேட்டார்கள்? சாப்பாட்டோடு சேர்த்துப் புத்தகத்தையும் ஏன் கேட்டார்கள்?

2. ஒருவர் புத்தகத்தை இன்னொருவருக்குக் கொடுப்பதைச் சிறை அதிகாரிகள் ஏன் தடுத்தார்கள்?

3. உங்கள் வீட்டுக்கு அருகில் நூலகம் எங்கே இருக்கிறது? அது எந்த நேரத்தில் திறக்கிறது? நேரில் போய்க் கேட்டு எழுதி வாருங்கள்.

4. நூலகத்தில் உங்களுக்கு எந்த மாதிரிப் புத்தகம் வேண்டும்? ஐந்து வரியில் ஒரு மனு எழுதுங்கள்.